எங்கே, எப்போது, யார் கண்டது: கைபேசியில் ஊர்ச் செய்தி எடுப்பவர்களுக்கு

எனக்குத் தொழில் செல்போன் சர்வீஸ். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, ஆற்றில் குளிக்கப் போய் நனைத்துக்கொண்டு வரும் போனைத் திறந்து காயப்போடுவது என்று பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. செய்தி என் வேலையே இல்லை. ஆனால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் நான்தான். 1,024 பேர் நிறைந்துவிட்டார்கள், அதற்கு மேல் வாட்ஸ்அப் சேர்க்க விடாது. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் பத்துப் பதிவு வந்துவிடும். மரம் விழுந்துட்டு, பஸ் வரல, கரண்ட் எப்போ வரும், குளத்துல மடை திறந்தாச்சா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவனாக நான் எப்படி ஆனேன் என்று எனக்கே தெரியாது.

இதில் எனக்கு வாத்தியார் பக்கத்து டீக்கடையில் உட்காரும் நிருபர் அண்ணாச்சி. ஒரு தினசரிக்கு முப்பது வருடம் தாலுகா நிருபராக இருந்தவர். அவர் காலத்தில் செய்தியைத் தாளில் எழுதி, பிலிம் ரோலோடு சேர்த்துக் கவரில் போட்டு ஒட்டி, திருநெல்வேலி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து விடுவார்களாம். அங்கே ஜங்ஷனில் ஆள் நின்று வாங்கிக்கொள்ளும். ராத்திரி எஸ்.டி.டி. பூத்துக்குப் பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து போன் வரும். "எந்த இடம்? எத்தனை மணிக்கு? யாரு கண்டா, நீர் கண்டீரா?" இந்த மூன்று கேள்வியில் பாதிச் செய்தி அங்கேயே செத்துவிடும் என்பார் அண்ணாச்சி. இன்றைக்குக் கவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை, மூன்று நொடியில் ஊரெல்லாம் போய்விடுகிறது. ஆனால் அந்த ராத்திரி போனும் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளத்து நேரத்தில் வந்த இரண்டு வீடியோ

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. சில ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழை அது. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். அதைத் தாண்டித் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மேலப்புதுக்குடி சனங்கள் கையிருப்பு அரிசியை வைத்துக் கோயிலில் உலை வைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அரசாங்கத்தின் உதவி வந்து சேர்வதற்கு முன்பே நடந்த காரியம் இது.

சிக்னல் வந்து வந்து போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் போனுக்கு இரண்டு வீடியோ வந்தது. ஒன்றில் ஒரே இருட்டு, தண்ணீர் இரைச்சல், ஏதோ ஒரு பாலம், யாரோ கத்துகிறார்கள். கீழே "நம்ம ஊர் பாலம் போச்சு, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று எழுதியிருந்தது. இன்னொன்று பார்க்கவே சுவாரசியம் இல்லாதது. ஒரு பெண் போனை நேராகப் பிடித்துக்கொண்டு, "ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன், திங்கக்கிழமை காலை ஆறரை மணி, ரயிலுக்குள்ளதான் இருக்கோம், வெளியில இடுப்பளவு தண்ணி நிக்குது, குடிக்கத் தண்ணி தீரப் போகுது" என்று பதற்றமில்லாமல் சொல்கிறார். இருபது நொடி. அவ்வளவுதான்.

முதல் வீடியோ எங்கள் குழுவில் பறந்தது. இரண்டாவதைப் பாதிப் பேர் திறக்கவே இல்லை. ஆனால் அந்த இருபது நொடியை வைத்துத்தான் என்னால் நாலு பேருக்கு போன் போட்டு இன்ன இடம், இன்ன நிலைமை, இன்னது தேவை என்று சொல்ல முடிந்தது. முதல் வீடியோவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பயப்படலாம். அது எங்கள் பாலமே இல்லை என்பது மூன்று நாள் கழித்து, கரண்ட் வந்து, சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. ஓரத்தில் ஒரு கடைப் பலகை, அதில் மலையாள எழுத்து.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அன்று ராத்திரி பதினொரு மணி வாக்கில் எனக்கு ஓர் ஆடியோ வந்தது. மேலே அணை உடைந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இங்கே வந்துவிடும் என்று ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறான். மூச்சு வாங்கியதால் நம்பிவிட்டேன். மூன்று குழுவுக்குத் தட்டிவிட்டேன். எதிர்த்த வீட்டு ஆச்சி எழுபத்தெட்டு வயதில் மொட்டை மாடிக்கு ஏறப்போய், இருட்டில் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அணை உடையவில்லை. அந்த ஆடியோவில் எந்த அணை என்று சொல்லவில்லை, யார் பேசுகிறான் என்று சொல்லவில்லை, எத்தனை மணிக்கு என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வியில் ஒன்றையாவது கேட்டிருந்தால் ஆச்சியின் கை தப்பியிருக்கும். இதை எழுதுகிற தகுதி எனக்கு அந்தத் தப்பால்தான் வந்தது.

எடுப்பது எப்படி

முதலில் லென்சைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். என் கடைக்கு "கேமரா மங்கலா இருக்கு, மாத்தணும்" என்று வரும் போனில் பத்துக்கு ஆறு, வேட்டி நுனியால் துடைத்ததும் சரியாகிவிடும். சட்டைப்பையில் கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ராத்திரியில் விளக்கெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு தெரிவதற்கு அதுதான் காரணம்.

அடுத்து, ரெக்கார்டிங் பொத்தானை அழுத்தியதும் முதல் ஐந்து நொடியில் வாயைத் திறந்து இடம், கிழமை, தேதி, நேரம் சொல்லிவிடுங்கள். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நீங்கள் எழுதிய வரியை அடுத்தவன் நீக்கிவிட்டு வேறு வரியை ஒட்டிவிடுவான். உங்கள் குரலை வெட்டுவதற்குக் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டும். அதோடு, ஃபிரேமுக்குள் அந்த ஊருக்கே உரிய ஏதாவது ஒன்று வரட்டும். பஸ் நிறுத்தத்தின் பெயர்ப் பலகை, கிலோமீட்டர் கல், ரேஷன் கடை போர்டு, கோயில் கோபுரம், மின்கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண், எதுவானாலும் சரி. அண்ணாச்சிக்கு மின்கம்ப எண்தான் இஷ்டம். கோயில் மாதிரி கோயில் நூறு இருக்கும், கம்பத்து எண் ஒன்றுதான் என்பார். கம்பி அறுந்து கிடக்கிறது என்று மின்வாரியத்துக்குச் சொல்லும்போதும் அந்த எண்தான் லைன்மேனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அப்புறம், ஆட்டாதீர்கள். நம் ஆட்கள் வீடியோ எடுத்தால் சாமரம் வீசுவதுபோல் இருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம், வானம், தன் கால், மறுபடி இடப்பக்கம். ஓர் இடத்தில் நின்று பத்து நொடி அசையாமல் எடுங்கள். பிறகு நிறுத்திவிட்டு நகருங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. மூன்று பத்து நொடி போதும். ஜூம் பண்ணாதீர்கள். முடிந்தால் நடந்து போங்கள், முடியாவிட்டால் தூரக்காட்சியே போதும். செய்தி சேனலுக்கு என்றால் போனைப் படுக்கைவாட்டில் பிடிப்பது நல்லது. ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் நிமிர்த்தி. எதற்கு என்று தெரியாவிட்டால் படுக்கைவாட்டிலேயே எடுங்கள், பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் எவ்வளவு என்று காட்ட அளவுகோல் வேண்டும். சும்மா தண்ணீரைக் காட்டினால் அது குட்டையா கடலா என்று தெரியாது. பைக் சக்கரத்தில் எவ்வளவு, வீட்டு நடையில் எத்தனையாவது படி, நிற்கிற ஆளுக்கு முழங்காலா இடுப்பா என்பது தெரிய வேண்டும். அதற்காக யாரையும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கச் சொல்லாதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், செல்ஃபி ஸ்டிக்கோடு நிற்கிறவனை இன்னும் சுலபமாக.

நீளமாக எடுக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர்மேல் கை வைக்கும்போது. 2020 மே 25 அன்று அமெரிக்காவில் மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை ஊன்றியபோது, டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் போனில் எடுத்தார். அந்த ஊர்ப் போலீஸ் முதலில் வெளியிட்ட அறிக்கை, விசாரணையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்ததாகத்தான் சொன்னது. அந்தப் பெண் நிறுத்தாமல், பெரிதாக ஆட்டாமல், வெட்டாமல் எடுத்த வீடியோ வெளியே வந்த பிறகு அந்த அறிக்கை நிற்கவில்லை. மறு வருடம், பத்திரிகைத் துறைக்கு அமெரிக்காவில் பெரிய விருதான புலிட்சரைக் கொடுக்கும் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அவர் நிருபர் இல்லை, கடைக்குப் போன பிள்ளை. நான் இதில் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: நடுவில் நிறுத்தியிருந்தால், "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்பவனுக்குப் பதில் இருந்திருக்காது. தள்ளி நில்லுங்கள், குறுக்கே போகாதீர்கள், கமெண்ட்ரி கொடுக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

அனுப்புவது

1080 பி தரத்தில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் பல போன்களில் நூறு எம்.பி.க்குப் பக்கத்தில் வந்துவிடும். 4கே என்றால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. மழை நேரத்தில் டவர் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும்போது அது போகாது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து பேட்டரியைத்தான் தின்னும். மழைக்காலத்துக்கு மட்டும் கேமரா செட்டிங்கில் 720 பி-க்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இருபது நொடிக்கு மேல் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், படத்தோடு ஒட்டியிருக்கும் தேதி, நேரம், இடம் ஆகிய விவரமும் கழன்றுவிடும். பத்திரிகைக்கோ வழக்கறிஞருக்கோ அனுப்புகிறீர்கள் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போது ஒரிஜினல் அப்படியே போகும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. உங்கள் வீட்டு மாடியிலிருந்து மணல் லாரியைப் படம் எடுத்து, இடவிவரம் போட்டது போட்டபடி முகம் தெரியாத ஒருவருக்கு டாக்குமென்ட்டாக அனுப்பினால், உங்கள் வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்பியதாகத்தான் அர்த்தம். தாமிரபரணிக் கரையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த மாதிரி விஷயத்துக்குக் கேமராவில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், ஒரிஜினலைத் தனியாக ஒரு மெமரி கார்டில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதுவது

எங்கள் குழுவில் தினமும் வருவது இந்த ரகம்: "ஐயோ பாருங்க மக்களே!!! நம்ம ஊர் நிலைமை!!! அதிகாரிகள் தூங்குகிறார்களா??? அதிகம் பகிரவும்." ஆறு ஆச்சரியக்குறி, ஒரு தகவல்கூட இல்லை.

அதையே இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "மேலத்தெரு, ரேஷன் கடை முன்னால். செவ்வாய்க்கிழமை, 12-ஆம் தேதி, காலை 7.20. முழங்கால் அளவு தண்ணீர், கடையிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை. பைக் போகவில்லை, டிராக்டர் போகிறது. நான் நேரில் எடுத்தது. வாய்க்கால் உடைந்ததால் என்று சொல்கிறார்கள், அதை நான் பார்க்கவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். கண்டது வேறு, கேட்டது வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செத்தவர் எண்ணிக்கையைக் கேள்விப்பட்டதை வைத்து எழுதவே எழுதாதீர்கள். பக்கத்து ஊரில் அப்பா இருக்கிற பிள்ளை துபாயில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

"இன்று", "நாளை", "சற்றுமுன்" ஆகிய மூன்று சொல்லையும் எங்கள் குழுவில் தடை செய்துவிட்டேன். தேதிதான் போட வேண்டும். கார்த்திகை மாசம் மழை தூறினால் போதும், "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, ஆட்சியர் அறிவிப்பு" என்று போன வருடத்து அறிவிப்பு எங்கிருந்தாவது உயிர்த்தெழுந்து வந்துவிடும். எங்கள் வீட்டுச் சின்னவனே ஒரு தடவை தேதியை மட்டும் மாற்றி ஒன்று தயாரித்தான் என்பது குடும்ப ரகசியம். ஆட்சியர் அலுவலகத்தின் சொந்தப் பக்கத்தில் இருந்தால்தான் விடுமுறை, இல்லாவிட்டால் சட்டையை இஸ்திரி போட வேண்டியதுதான்.

உதவி கேட்கும் பதிவுக்கு இது இன்னும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, 1878 முதல் வந்துகொண்டிருந்த 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2-ஆம் தேதி அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. அன்றைக்கு ட்விட்டரும் ஃபேஸ்புக்கும்தான் செய்தித்தாள். எந்தத் தெருவில் தண்ணீர், யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே படகு வேண்டும் என்று சனங்களே எழுதினார்கள். என் தங்கை அப்போது சைதாப்பேட்டையில் இருந்தாள். அவளை மீட்டு இரண்டு நாள் ஆன பிறகும் "மூன்றாவது மாடியில் கர்ப்பிணிப் பெண், உடனே உதவவும்" என்று அவள் முகவரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு படகு மெனக்கெட்டு அங்கே போய்த் திரும்பியதாம். அந்தப் படகு வேறு யாருக்கோ போய்ச் சேராமல் போயிருக்கும். உதவிப் பதிவில் நேரம் போடுங்கள். உதவி கிடைத்ததும் அதே பதிவுக்குக் கீழே "மீட்டாயிற்று, இனி பகிர வேண்டாம்" என்று போடுவதும் உங்கள் பொறுப்புதான்.

வந்ததைச் சோதிப்பது

எடுப்பவர் நூற்றில் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாரும் தட்டிவிடுகிறவர்கள். ஆகவே இது எல்லாருக்கும்.

பதிவின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை தாண்டி வந்தது. அதை நீங்கள் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. அதற்கு முன்னால், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் என்று குறைத்தார்கள். எதற்காகக் குறைத்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்த வருடம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்த நேரத்தில் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளைபிடிப்பு வீடியோ ஒன்றில், பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். ஒரிஜினலில் அவர்கள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எழுதிய அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பாதுகாக்க எடுத்த படம் ஆளைக் கொல்லப் பயன்பட்டது.

ஆகவே, வீடியோ வந்ததும் முதலில் கேளுங்கள்: இது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? பாதியில் பட்டென்று அறுந்தால் சந்தேகப்படுங்கள்.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். கத்தலும் பின்னணி இசையும் இல்லாவிட்டால் கண் தானாகவே ஓரங்களுக்குப் போகும். வண்டி நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 72 திருநெல்வேலி, கே.எல். என்றால் கேரளம். பஸ்ஸின் நிறம், கடைப் பலகையின் எழுத்து, போலீஸ் சீருடை, சனங்கள் பேசும் பேச்சு இவற்றையெல்லாம் பாருங்கள். நம் ஊரில் மழை கொட்டும்போது வீடியோவில் நிழல் விழுந்தால் அது இன்றையது இல்லை.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். தெளிவாக இருக்கும் ஓர் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்சில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் அநேகமாக எங்காவது அகப்படும். ஒன்றில் அகப்படாவிட்டால் வேறு இரண்டு இடத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அகப்படவே இல்லை என்பதால் உண்மை ஆகிவிடாது, பழையது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபைல் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது என் கடை வாடிக்கையாளர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வீடியோ ஃபைலின் பெயரில் எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். "பாருங்கண்ணே, நேத்துத் தேதிதான் போட்டிருக்கு" என்று காட்டுவார்கள். அது உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய வீடியோவும் இன்றைக்கு வந்தால் இன்றைய தேதியைத்தான் கட்டிக்கொண்டு வரும்.

நிஜ வீடியோ பொய்ச் செய்தியாவதும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுத்து விளக்கம் கொடுத்தார். ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. அடி நிஜம், யார் யாரை அடித்தார்கள் என்பதுதான் பொய். எங்கள் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு பையன் அந்த வாரம் என்னிடம் ரீசார்ஜ் பண்ண வந்து, ஊரிலிருந்து அம்மா அழுகிறாள் என்று சொன்னான். வீடியோ கால் போட்டு என் கடையையும் டீக்கடையையும் சுற்றிக் காட்டினான். அவன் அம்மாவுக்கு அந்த வாரம் நம்பும்படியாகக் கிடைத்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த குரலும் படமும் வேறு வருகிறது. விரல் எண்ணிக்கையைப் பார், உதட்டசைவைப் பார் என்று சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்தக் கோளாறெல்லாம் சரியாகிவிடும், அதை நம்பி இருக்காதீர்கள். பழைய மூன்று கேள்விதான் இதற்கும். யார் கண்டது என்பதற்கு ஒரு பெயரும் போன் போட்டால் எடுக்கிற ஒரு நம்பரும் இல்லாவிட்டால் எங்கள் குழுவில் ஏறாது. தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன, அங்கேயும் தேடிப் பாருங்கள். ஆனால் உங்கள் தெருச் செய்தி அங்கே இருக்காது. அதற்கு ஒரு எட்டு நடந்து போய்ப் பார்ப்பதுதான் வழி. போக முடியாவிட்டால் அந்தத் தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேராகப் பார்த்து, போன் போடுங்கள். இது அண்ணாச்சியின் தொழில் ரகசியம். சேர்ந்து சுற்றுகிற இரண்டு பேர் ஒரே வதந்தியைத்தான் சொல்வார்கள்.

எடுக்கக் கூடாதது

விபத்து என்றால் முதலில் 108, அப்புறம்தான் கேமரா. செத்தவர் முகம் வேண்டாம். அவர் வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன்னாலேயே உங்கள் வீடியோ போய்ச் சேர்ந்துவிடும், எங்கள் ஊரில் ஒரு தாய்க்கு அப்படித்தான் தெரியவந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயர், முகம், வீடு, பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் அது இரண்டு வருடம் வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். "பத்திரிகைக்காரனுக்குத்தான் சட்டம், எனக்கென்ன" என்று நினைக்காதீர்கள்.

எங்கள் தென்மாவட்டத்தில் இன்னொன்று. தகராறு என்று செய்தி வந்ததும் முதல் கேள்வி "எந்த ஆளுக?" என்பதாகத்தான் இருக்கும். குழுவில் யாராவது பதில் போடுவதற்குள் நான் அழித்துவிடுவேன். அட்மினுக்கு மற்றவர் பதிவை அழிக்கும் வசதி இருக்கிறது, நான் அதைத் தயங்காமல் பயன்படுத்துவது இந்த ஒரு விஷயத்தில்தான். சாதியை மறைக்கிறேன் என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சாதிக் கொடுமை என்றால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் அதை விசாரித்துவிட்டு, பாதிக்கப்பட்டவர் வாயால் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடத்தில், கூட்டம் கூடுகிற நேரத்தில், யூகமாகச் சொன்னால் அது செய்தி இல்லை, தீக்குச்சி.

தப்பாகிவிட்டால்

அனுப்பிய பதிவை எல்லாரிடமிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் இரண்டு நாளைக்கு மேலேயே அவகாசம் கொடுக்கிறது. பலர் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடுகிறார்கள். அது போதாது. நீங்கள் அழிப்பதற்குள் நாற்பது பேர் வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த நாற்பதும் அழியாது. தனியாகத் "திருத்தம்" என்று தலைப்புப் போட்டு, முன்னால் சொன்னது என்ன, சரியானது என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். அதையும் பகிரச் சொல்லுங்கள். அணை விஷயத்தில் மறுநாள் நான் அப்படிப் போட்டேன், ஆச்சியின் கை விஷயத்தையும் சேர்த்தே போட்டேன். நாலு பேர் திட்டினார்கள். அதற்குப் பிறகுதான் குழுவில் மற்றவர்களும் தங்கள் தப்பைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆச்சி இப்போது மழை பெய்தால் கடை வாசலில் வந்து நின்று, "ஏ தம்பி, இன்னைக்கு உடைஞ்சிருக்கா, இருக்கா?" என்று கேட்பார். பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று சொல்லி, அன்றைய நீர்மட்டத்தையும் நான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால்தான் நகர்வார்.

உங்கள் வீடியோவை யாராவது எடுத்துக்கொண்டால்? எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். அணைக்கட்டில் தண்ணீர் பாய்வதை நான் எடுத்த பதினைந்து நொடி வீடியோ ஒரு சேனலில் அவர்கள் முத்திரையோடு ஓடியது, வேறு ஊர்ப் பெயர் போட்டு. போன் போட்டுக் கேட்டால், "சோஷியல் மீடியாவுல எடுத்தது சார்" என்றார்கள், அது ஏதோ புறம்போக்கு நிலம்போல. காசு வேண்டாம், ஊர்ப் பெயரையாவது மாற்றுங்கள் என்றேன். மாற்றவில்லை. அன்றிலிருந்துதான் தொடக்கத்தில் இடத்தோடு என் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டு வாங்குகிறவர்களுக்குப் பெயர் போடுகிறீர்களா என்று முன்னாலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரிஜினலைக் கொடுங்கள்.

கடைசியாக, போனில் சில நம்பரைப் பதிந்து வையுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, குழந்தைகளுக்கு 1098. உங்கள் ஊர் வி.ஏ.ஓ., லைன்மேன், காவல் நிலையம் இந்த மூன்றையும் ஒரு காகிதத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போன் செத்துவிட்டால் நம்பரும் சேர்ந்து செத்துவிடும். 2023-ல் கரண்ட் இல்லாத நாட்களில் ஒரு பழைய ஆட்டோ பேட்டரியை வைத்து இருபது இருபது போனாகச் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். ஐந்து சதவீதம் ஏறியதும் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், மகளுக்குப் பேச, மகனுக்குப் பேச. பவர் பேங்க் வாங்குகிறவர்கள் புரட்டாசியிலேயே வந்துவிடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் எல்லாரும் ஒரே நாளில் வருவீர்கள், என்னிடம் ஆறு பீஸ்தான் இருக்கும்.